கொள்முதல் பதிவேடு

கூட்டு ஒப்பந்தம் என்று தலைப்பிட்டு
இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அடித்துக்கொண்டு போனேன்.
உப்பலவாடி போகிற வழியில் வலப்பக்கம்
தகரக் கொட்டகை. உள்ளே பதினோரு பெண்கள்,
நெய்வேலிச் சாம்பல் படிந்து
புருவம் வரை ஒரே நிறம்.

"கூட்டுன்னா பூசணியா, சௌசௌவா?"
என்றாள் வேதவல்லி. சிரித்தார்கள். நானும்.
பிறகு மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து
ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.
கல் ஒன்று எட்டேகால் ரூபாய்.
மாதம் நாற்பதாயிரம்.
உடைசல் நூற்றுக்கு இரண்டு வரை பொறுத்துக்கொள்ளப்படும்.
"நாங்க உடைஞ்சா?"
பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.
அதற்குப் பிரிவு ஏதும் இல்லை.

கம்பெனி படம் எடுத்துக்கொண்டது.
மேலாளர் சாம்பல்கல் ஒன்றைக்
கைக்குழந்தை மாதிரி ஏந்தி நின்றார்.
'உள்ளூரோடு கைகோத்து' என்று
மறுவாரம் பாலத்தடியில் பேனர்,
பதினோரு பேரில் ஒன்பது பேரோடு.

அறுபத்துநாலு வீடும் லிண்டல் மட்டம் தாண்டின.

ஆவணியில் கிழக்கு மதிலுக்கு ஆர்டர் போட்டேன்:
பன்னிரண்டாயிரம் கல், அவசரம்.
லாரி போனது. காலியாகத் திரும்பியது.
டிரைவர் இருசப்பன் சொன்னான்:
"கல்லு இருக்குதாம் சார். மதிலுக்குத்தான் இல்லியாம்."

நேரில் போனேன்.
தார்ப்பாய்க்கடியில் அடுக்கடுக்காகக் கல்,
வேண்டுமானால் எண்ணிவிடலாம்.
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் வேதவல்லி.
"வீட்டுக்குக் கேளு, இப்பவே ஏத்துறோம்.
படிக்கட்டுக்குக் கேளு, சாமி மாடத்துக்குக் கேளு.
அந்த மூலை பள்ளம் சார்.
பெண்ணையாறு பொங்குனா வடியிற வழி.
அங்க மதிலு வந்தா
தண்ணி எங்க தெருவுக்குத்தானே திரும்பும்?
பதினாலு நாளு எங்க கையால நனைச்ச கல்லே
எங்க வாசல்ல தண்ணிய விடணுமா?"

ஏழாம் பிரிவைக் காட்டினேன்.
சொன்ன தேதியில் தராவிட்டால் தண்டம்.
"தண்டந்தானே, எழுதிக்கோ" என்று
என் பையிலிருந்த பேனாவை
அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கிழக்கு மதில், 12,000, வரவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
'தண்ணீர்' என்று எழுதினேன்.

தலைமை அலுவலகம் அதைப்
பற்றாக்குறை என்று படித்துவிட்டது.
அக்கறையாக இரண்டு டேங்கர் அனுப்பியது,
செலவு எங்களுடையது என்ற கடிதத்தோடு.

தொட்டிக்குள் விடப்போன குழாயை
வேதவல்லி பிடித்து நிறுத்தினாள்.
மதில் வரப்போகிற சுண்ணாம்புக் கோட்டில்
சென்ட்ரிங் பலகைகளை வரிசையாக நட்டார்கள்,
அடியில் மண் அணைத்தார்கள்.
எஞ்சினீயர் கலியமூர்த்தியை
வேட்டி சட்டையோடு வீட்டிலிருந்து அழைத்துவந்து
பள்ளத்தில் நிற்கச் சொன்னார்கள்.
"தொறந்து வுடு இருசப்பா."

இரண்டு டேங்கர்தான்.
பலகையை முட்டி, முகர்ந்து பார்த்து,
இடப்பக்கம் திரும்பி,
வழி கேட்காமல் அவர்கள் தெருவுக்குள் போனது.
மூன்றாம் வீட்டு வாசலில்
காலையில் போட்ட கோலத்தைத் தூக்கிக்கொண்டு
நாலாம் வீட்டுக்கு நகர்ந்தது.
கலியமூர்த்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வரைபடத்தை மட்டும் கேட்டார்.

இப்போது கிழக்கே அறுபதடி திறந்து கிடக்கிறது,
கம்பிக் கிராதி மட்டும்.
விளம்பரத் தாளில் அதன் பெயர்
'ஆற்றுக்காற்று வாயில்'.
அந்தப் பக்கத்து வீடுகளுக்குச்
சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூடுதல்.
அதில் பங்கு கேட்டு
குழுவின் லெட்டர்பேடில் கடிதம் வந்திருக்கிறது,
பதினோரு கையெழுத்தோடு.

தண்டத் தொகை என்ற கட்டம் இன்னும் காலி.
பங்குனியில் தணிக்கைக்கு வருகிறவர்
அதைக் கேட்பார்.
இரண்டு டேங்கர் தண்ணீரை
எந்தத் தலைப்பில் எழுதினாய் என்றும் கேட்பார்.