ஈரத்துக்குக் கழித்தது

பதினெட்டுக் கிலோ இருந்தால் ஒரு பேர்.
பதினேழரை என்றால் அரைப் பேர்.
பூண்டுலோயா மேக்கணக்கில்
நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பேர்.

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்தது இஞ்ஞாசியம்மா.
பெரட்டில் அதையும் பாதியாக்கி
‘இஞ்ஞா’ என்பார் கணக்கப்பிள்ளை.
மழை நாளில் தராசை ஒரு தட்டுத் தட்டி
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார்.
கொழுந்தில் இருந்தது எவ்வளவு,
என் கண்ணிலிருந்து விழுந்தது எவ்வளவு,
அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார்.

அன்றைக்கும் மழை.
பெல்சிக்கு ஒன்பது மாதம்.
நெற்றி ரொட்டிக்கல்லாய்க் கொதித்தது.
“இன்னிக்கு மலைக்குப் போகாத புள்ள,”
பிள்ளைமடுவத்து ஆயம்மா சொன்னாள்.
மாதக் கடைசி.
ஒரு நாள் குறைந்தால் வரவுக்காசு முழுதும் போகும்.
பாதிப் பனடோலைக் கரைத்துப் புகட்டிவிட்டுத்
தலைக்கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன்.

பத்தொன்பது கிலோ.
கழித்த பிறகும் பத்தொன்பது.
முழுப் பேர்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
உயிரைத் திருப்பித் தந்தார்கள்,
காதை மட்டும் காய்ச்சல் வைத்துக்கொண்டது.
வார்ட்டில் ஒரு தட்டு விழுந்தது.
எல்லாப் பிள்ளைகளும் வீறிட்டன.
என் பிள்ளை
சுவரில் ஊர்ந்த பூச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் நான் நற்கருணைக்கு எழும்பவில்லை.
கடைசி வாங்கில், கதவோரம்,
செருப்புகளுக்குக் காவல்போல் உட்கார்ந்திருந்தேன்.
பெல்சி முன்னால் போய்விடுவாள்.
அவளுக்குப் பூசை என்றால் உயிர்.
தோட்டத்திலேயே கையால் பேசும் இன்னொரு ஆள்
அந்தப் பாதர் மட்டும்தானே.

செவிடனின் காதில் ஆண்டவர் விரல் வைத்த வாசகம்
ஒரு ஞாயிறு வந்தது.
எனக்குக் கோபம் வந்தது.
என் விரல் வைக்காத காதா அது?
பூசை முடிந்தும் கோபம் முடியாமல்
பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன்.
“ஒரு பேருக்காகப் புள்ளைய வித்துட்டேன் சாமி.”
அப்புறம் மழை மாதிரி எல்லாம்.

பாதருக்குச் சளி. இருமினார்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பாவமன்னிப்புக் கொடுத்தார்.
ஒரு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.

ஒன்றா?

எழும்பாமல் இருந்தேன்.
கூடையை இறக்கிவிட்டு முள்ளையே பார்த்து நின்று பழகியவள்.
இன்னும் ஏதாவது கழிப்பார் என்று காத்திருந்தேன்.
“எழும்புங்க, இஞ்ஞாசியம்மா.”
குரலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.
முழுதாகச் சொன்னார்.

ஆனாலும் இறங்கும் பாதையில் மனம் ஒப்பவில்லை.
பாதர் மன்னிக்கலாம்.
கடவுளே மன்னிக்கலாம்.
காது அவளுடையது.

லயத்துக்கு வந்து ரொட்டி சுட்டேன்.
பெல்சி ஒன்றை எடுத்து
இரண்டு கையாலும் உயர்த்தினாள்,
தகரத்துக்கு நேரே, பாதரைப் போலவே.
பிட்டாள்.
வாசலில் நின்ற பக்கத்துக் காம்பராப் பையன்
யாருக்கு என்று கையை விரித்தான்.
அவள் நெற்றிக்கு மேலே
விரலால் ஒரு கோடு இழுத்தாள்:
கூடைக்கயிறு அழுத்தி முடி தேய்ந்த இடம்.
“அது நீங்கதான் அத்த,” என்றான் அவன்.
“ஒங்களுக்கு அவ வச்ச பேரு. ரொம்ப நாளா.”

தலைத்துணி போட்டு நான் மறைக்கிற தழும்பு.
அன்றைக்கு என்னை மலைக்கு இழுத்துப்போன கயிறு.
அதைத்தான்
அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரிய துண்டை என் பக்கம் நீட்டினாள்.
ரொட்டியில் உப்புக் கூடிப்போயிருந்தது.
ஒரு பொருக்கு மிஞ்சாமல் சாப்பிட்டேன்.

நேற்றும் மழை.
பதினாறு கிலோ, ஈரம் போக.
‘இஞ்ஞா, அரைப் பேர்’ என்று எழுதிக்கொண்டார்.
வாதாடினேன், வழக்கம்போல் தோற்றேன்.
நனைந்த தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்து
கூடைக்குள் போட்டுவிட்டு
வெறுந்தலையோடு இறங்கினேன்,
வளைவில் நிற்கிறவள்
தூரத்திலேயே என் பேரைப் படிக்கட்டும் என்று.