பெட்ரோல் மூடிக்கு உள்ளே

பங்குனியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.
பில் பாஸ் ஆகாமல் வைகாசிக் கடைசிவரை இழுத்துவிட்டது.
காற்று யாரைக் கேட்டு வரும்?
கணவாயில் தலையை நுழைத்தால்
பணகுடி முழுக்க அதன் ஓட்டம்தான்.

நாற்பத்தேழாம் நம்பர் காற்றாடியின் காலுக்கு
சாம்பல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள்.
கம்பம் குடித்தது பாதி.
மீதியைக் குடித்தது
ஆபீஸ் வேம்பு நிழலில் நின்ற என் சிவப்பு ஆல்ட்டோ.

கடுகு கடுகாக, பானெட்டில், கூரையில்,
முன்கண்ணாடியில்கூட.
அம்மை போட்டிருக்கு மேடம் என்று
ஸ்டோர் கீப்பர் எபனேசர் சிரித்தான்.
அறுபது தவணையில் ஒன்பதுதான் கட்டியிருக்கிறேன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பீர் மைதீன் கயிற்றிலிருந்து இறங்கி
இடுப்புக் கொக்கிகள் கலகலக்க ஓடிவந்தார்,
கையில் தின்னர் டின், பனியன் துணி.
"செத்த நேரத்துல போயிரும்க்கா."

பிளேடு வேண்டாம், தின்னர் வேண்டாம்,
இந்த வெயிலில் வைத்து எதுவுமே வேண்டாம் என்றேன்.
"அப்பம் கண்ணுல படாத எடத்துல
ஒரு சொட்டு வச்சுப் பாப்பமா?"
அது நியாயமாக இருந்தது.

பெட்ரோல் மூடியைத் திறந்து
உள்விளிம்பில் ஒரு விரல் துணி.
ஒரே ஒரு இழுப்பு.

துணி சிவந்தது.
விளிம்பு வெளுத்தது.

வெள்ளை. கம்பெனியில் சுட்ட வெள்ளை.
தின்னரால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஒரே கை ஓட்டின வண்டி,
எள்ளளவு கீறல் கிடையாது, கம்பெனி பெயிண்டு" என்று
நாகர்கோவில் புரோக்கர் தாணுலிங்கம்
பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து தந்தது.
ஆர்.சி.யில் நிறத்துக்கும் ஒரு இடம் உண்டாம்.
நான் நம்பரை மட்டும்தான் சரிபார்த்தேன்.

பீர் மைதீனும் பார்த்தார்.
பெயிண்டருக்குத் தெரியாதா?
ஒன்றும் பேசாமல் டின்னை மூடினார்.
அந்தத் திருகல் சத்தம் வெகுநேரம் கேட்டது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன்,
ஷாம்பூ நுரையில் புழுதியைக் கழற்றினேன், இரண்டு தடவை.
பிறகு வண்ணார்பேட்டையில் வாங்கிய களிக்கட்டி.
சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், பைய,
ஒரு உள்ளங்கை இடம் முடிந்தால் அடுத்த உள்ளங்கை.
முதலில் சரசரவென்று தடுக்கும்.
சத்தம் நின்றால் புள்ளி வந்துவிட்டது.
கட்டியை மடித்துப் புதுமுகம் எடுக்க வேண்டும்.
தரையில் விழுந்தால் அதோடு சரி,
மண் ஒட்டிய கட்டியும் அரமும் ஒன்று.
விழுந்தது. முந்நூறு ரூபாயில் பாதி.
தூக்கி எறிந்தேன், சவம்.

மிச்சப் பாதியில் சாம்பலோடு
கொஞ்சம் சிவப்பும் ஏறத் தொடங்கியது.
கையை இன்னும் லேசாக்கினேன்.
பொய்ப் பூச்சுதான்.
ஆனால் தவணை அதற்கும் சேர்த்துத்தானே கட்டுகிறேன்.
மெழுகு போட்டுத் துடைத்தபோது
வேம்பு முழுதாகத் தெரிந்தது கூரையில்.

திங்கள், வள்ளியூர் பங்க்கில்
மூடியைத் திறந்த பையன் குனிந்தான்.
"எக்கா, இது வெள்ளை வண்டியா?"
பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார்.
"ஐந்நூறுக்குப் போடுப்பா" என்றேன்.

இறங்கிப் போய்
ஜீரோவைப் பார்த்துக்கொண்டேன்.