வேறு வைத்தல்

புதுவயல். அரிசி ஆலை. எடைமேடைச் சாவடி.
மேசை, மானிட்டர், என் ஸ்க்ரூடிரைவர் பை,
எல்லாவற்றின் மேலும் உமித்தூள்.
கணினியின் வயிற்றைத் திறந்தேன்.
உள்ளேயும் ஒரு போகம்.

ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான்.
எண்பது ஜிபி என்று மேலே எழுதியிருக்கும்,
எண்ணிப் பார்த்தால் எழுபத்து நான்கு.
கம்பெனியிலேயே குறைத்துத்தான் அளப்பார்கள்.
அதற்குள் இரண்டு குடித்தனம் வேண்டும்:
வரிக் கணக்குக்குப் புதிய விண்டோஸ்,
எடைச் சீட்டுக்கு பிரிட்டோ எழுதிய பழைய நிரல்.
அது தொண்ணூற்றெட்டில் மட்டும்தான் கண் திறக்கும்.
பிரிட்டோ மஸ்கட்டில்.
அவர் எண் உபயோகத்தில் இல்லை.

"ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்காம இருக்கணும்"
என்றார் முதலாளி.

"கல்யாணம் ஆனவனை வேறு வைக்கிற மாதிரியாக்கா?"
மேடை பார்க்கும் அடைக்கலம் கேட்டான்.
"ஒரே வீடு, ஒரே வாசல்,
உலை மட்டும் தனித்தனி?"
எந்தக் கையேடும் எனக்கு
இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

முதலில் நகல்.
இருப்பதை எல்லாம் வெளி டிஸ்க்கில் ஒருமுறை,
சந்தேகத்துக்கு இன்னொருமுறை.
சிதறிக் கிடந்த கோப்புகளை
ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.
அப்புறம்தான் கோடு.
பழையதற்குப் பன்னிரண்டு,
மிச்சம் புதியதற்கு.
நீலப் பட்டை மெல்ல ஊர்ந்து
அறுபத்து மூன்று விழுக்காட்டைத் தொட்டபோது
கரண்ட் போனது.

யுபிஎஸ் கத்துகிறது.
வெளியே நெல் டிராக்டர், அதன் பின்னால் இன்னொன்று,
ஹாரன் மேல் ஹாரன்.
கோடு போடும்போது பாதியில் நின்றால்
இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.
மானிட்டரை அணைத்தேன்,
அந்த வெளிச்சமாவது மிச்சமாகட்டும் என்று.
பெட்டியில் காதை வைத்தபடி
இருட்டில்
டிஸ்க் அரைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அரைக்கும்வரை உயிர் இருக்கிறது.

ஜெனரேட்டர் எழுந்தது. திரையைப் போட்டேன்.
முடிந்திருந்தது.

இணையத்தைப் பழையதற்குக் காட்டவில்லை.
இந்தக் காலத்துக் கிருமிக்கு
அதன் உடம்பில் ஒரு தடுப்பூசியும் கிடையாது.
புதியதின் எழுத்து அதற்குப் படிக்க வராது,
கோட்டுக்கு அப்பால் இருப்பது அதற்கு வெறும் சுவர்.
புதியதற்கோ, பழையதின் எல்லா அறையும்
திறந்த கதவு.

சோதனைக்கு முதல் டிராக்டரை ஏற்றச் சொன்னேன்.
சிவப்பு எண்ணில் வண்டியைக் கழித்தால் 4370.
சீட்டில் 4350.
வயரை அழுத்திச் சொருகினேன். மறுபடி 4350.
அடுத்த டிராக்டர் 3890. சீட்டில் 3850.

"பிழை இல்லக்கா. அது அப்படித்தான்."
அடைக்கலம் தகரக் கூரையைப் பார்த்துச் சொன்னான்.

பிரிட்டோ எழுதியது ஒற்றை வரியாகத்தான் இருக்கும்:
ஐம்பதுக்கு மேல் தொங்குவதை வெட்டு.

புதியதின் வழியே பழையதற்குள் போனேன்.
2003 தை. இரண்டு பத்தி: வந்தது, எழுதியது.
சாக்கோட்டை கருப்பாயி, இருபது.
பெரியகோட்டை ஆரோக்கியம், நாற்பது.
பக்கம் முடியவில்லை. ஆண்டு முடியவில்லை.
அரிசி வெளியே போகும் லாரிகளுக்கு
அந்த ஒற்றை வரி வேலை செய்வதில்லை.

"பழசு புதுசுலேர்ந்து தெரியாம மறைச்சிருங்க.
செக்கிங் வர்றவங்க குழம்பிருவாங்க."
மறைப்பது ஒரு நிமிட வேலை.
D என்ற எழுத்தை உருவிவிட்டால்
அப்படி ஓர் அறையே இல்லை.
பாதுகாப்பாக, பாதுகாப்பாக என்று
காலையிலிருந்து அவர் சொன்னது
எதை என்று இப்போது புரிந்தது.

என் பில் ஆயிரத்து இருநூற்று எழுபது.
ஆயிரத்து இருநூற்று ஐம்பதை எண்ணித் தந்தார்.
"ரவுண்டா வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன்.
D-யை உருவவில்லை. உருவியதாகத் தலையாட்டினேன்.
யார் திறப்பார், எப்போது, தெரியாது.
யாரும் திறக்காமலே அந்த டிஸ்க் ஒரு நாள் செத்தும் போகலாம்.

சாக்கோட்டை விலக்கில்
காலி டிராக்டர் ஒன்று ஒதுங்கி
என் ஸ்கூட்டிக்கு வழி விட்டது.
ஓட்டியவர் சட்டைப் பையில்
நாலாய் மடித்த சீட்டு.