இரண்டேகால் மணிக்குக் கேட்டை

கோயமுத்தூரில் காலை ஆறுக்கு வண்டியை எடுத்தேன்.
பன்னிரண்டு பேர், நாலு முக்காலி, ஒரு தொலைநோக்கி,
கண்ணாடியில் ஒட்டிய தாள்:
‘வானம் பார்த்தவர்கள் வழியே - ஒரு பகல், ஓர் இரவு.’
ஓட்டுவது என் வேலை.
வானம், ஜெசிந்தா மேடத்தின் இலாகா.

தாராபுரம் தாண்டி அமராவதிக் கரையில்
பூட்டியே கிடக்கும் ஒரு கோவில்.
சாவி டீக்கடையில் இருந்தது.
விதானத்தில் ஒரு பாம்பு நிலாவைப் பாதி விழுங்கி
மிச்சத்துக்கு வாயைத் திறந்தபடியே கல்லாகிவிட்டது.
‘செதுக்கினவர் ஒரு கிரகணமாவது பார்த்திருக்கணும்’ என்றார் மேடம்,
வௌவால் எச்சத்தில் செல்போன் வெளிச்சம் அடித்து.
‘எந்தத் தேதி?’ பாஷ்யம் சார் நோட்டைத் திறந்தார்.
‘தேதி இல்லைங்க சார். பசி மட்டும்தான் இருக்கு.’

வெளியே நாலடிக் குச்சி ஒன்றை மண்ணில் நட்டார்.
இதற்குச் சங்கு என்று பெயராம்;
ஊத முடியாது, நிழல்தான் பேசும்.
வெயிலில் நின்றோம். நிழல் சுருங்கிச் சுருங்கி
வடக்கே ஒரு சாண் ஆனதும் நின்றது.
என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தேழு.
‘இதுதான் இந்த மண்ணோட நடுப்பகல்.
கட்டியிருக்கிறது வேற ஊர் நேரம்.’
இருபத்தேழு நிமிசம் யாருக்கு ஓட்டினேன் இத்தனை வருசம்
என்று சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்வரை யோசித்தேன்.

ராத்திரி, மூலனூர்ப் பக்கம் ஒரு முருங்கைக்காடு.
நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு நெடுங்கல்.
யாரையோ புதைத்த இடம், எத்திசை பார்த்து என்பது தெரியவில்லை.
‘தெரியலை’ என்று மேடம் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது.
அடிவானத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.
‘செவ்வாய்!’ என்றாள் ஒரு காலேஜ் பெண்.
‘காத்தாடி மில்லும்மா,’ என்றேன். அது என் இலாகா.

இரண்டு மணிக்கு மோட்டார் ரூமில் பளீரென்று விளக்கு.
மும்முனைக் கரண்ட் வரும் நேரமாம்,
பாவாயி மண்வெட்டியோடு வந்து நின்றார்.
‘ஏனுங்க, எங்க காட்டுக்குள்ள என்ன தேடறீங்கொ?’
மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.
மேலே பார்த்தார். விளக்கைப் பார்த்தார்.
‘பூச்சிபொட்டுக்குத்தான் போட்டேன்.
பாம்பு வந்தா நீங்க சொல்லுங்கொ’
என்று சுவிட்சைத் தட்டினார்.

வானம் பொத்தென்று விழுந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார் மேடம்,
தென்கிழக்கில் தேளின் நெஞ்சில் சிவப்பாய் ஒன்று:
‘கேட்டை.’

கேட்டையா?
என் தங்கை கோகிலவாணியைப் பதினொரு வீடு
காப்பி குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பிய கேட்டையா?
மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று
கட்டத்துக்குள்ளேயே கேட்ட பெயர்.
கட்டத்துக்கு வெளியே இன்றுதான் பார்க்கிறேன்.
இவ்வளவு தூரம். இவ்வளவு சின்னது.
ஐந்நூறு வருசத்துக்கும் முன்னால் கிளம்பிய வெளிச்சமாம்.
அது கிளம்பும்போது அண்ணனும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை,
ஜாதகம் அச்சடித்த கம்ப்யூட்டரும் இல்லை.
தொலைநோக்கியில் கண் வைத்தேன்.
நடுங்கிக்கொண்டிருந்தது அது.
காற்றுதான் காரணம் என்றார் மேடம். இருக்கட்டும்.

செல்போனில் படம் எடுத்தேன்.
திருப்பூரில் நைட் ஷிப்ட், செக்கிங் டேபிளில் இருப்பாள்.
‘உன்ற நட்சத்திரம்’ என்று அனுப்பினேன்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது,
பின்சக்கரம் ஈரத்தில் இறங்கிவிட்டது,
பாஷ்யம் சாரும் பாவாயியும் ஒரே பக்கம் தள்ள,
நான் கியரில் கை வைத்தபோது பதில் வந்தது:

‘முழுக்கக் கருப்பா இருக்குதுண்ணா. ஒண்ணுமே தெரியல.’

‘ஒண்ணுமில்லதான் கண்ணு’ என்று தட்டிவிட்டு
முதல் கியரில் மெல்ல விட்டேன்.