அளவு நாடா

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்,
விதினிலிருந்து, சோபியாவில் பேருந்து மாறி.
அதற்குள் இந்தக் கூடத்தில்
ஒரு கட்டில் முளைத்தாக வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு நாலு பத்து.
ப்ளோவ்திவில், இந்த அடுக்கில்,
எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த கூடம்.
ஏழாம் மாடி ஸ்தோயன்காவும்
இதே சுவரில்தான் டிவி மாட்டியிருக்கிறாள்,
இதே மூலையில்தான் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறாள்.

ஷிவ்கோவை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தான். போன் வந்தது. விட்டான்.
விருட்டென்று சுருண்டு
என் கட்டைவிரலைக் கடித்தது நாடா.

ரேடியேட்டர் பக்கம் போட்டால்
பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும்.
அந்தப் பாதியில் துணிக்கூடை நுழையும்,
நான் நுழைய மாட்டேன்.
மேசையை எடுத்துவிட்டால்
தட்டை மடியில் வைத்துக்கொண்டு
மூன்று பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடலாம்.
அதுகூட முதல் வாரத்துக்கு நல்லதுதான், யோசித்தேன்.
மடக்குக் கட்டில் என்றால்
காலையில் யாராவது மடக்க வேண்டும்.
பதினேழு வயதில் யார் எதை மடக்குகிறார்கள்?
அவள் வயதில் நான் என் வாயைக்கூட மடக்கியதில்லை.

ஆக, நகர வேண்டியது கண்ணாடி அலமாரி.
உள்ளே அவனுடைய முதல் கல்யாணத்துக் கோப்பைகள்,
இருபத்துமூன்று.
ஒன்றைப் போன வருடம் உடைத்தேன்.
கை தவறித்தான்.
செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் குளியல்தொட்டியில் அடுக்கினேன்.
இரண்டு நாள் சமையலறைத் தொட்டியில்தான் தலை அலசினோம்.

அலமாரிக்குப் பின்னால்
எனக்கு முந்தைய சுவர்.
மஞ்சள் பூப்போட்ட காகிதம், வெயில் படாததால் புத்தம் புதிதாக.
அதில் பென்சில் கோடுகள்
ஏணிப்படி போல.
கலினா, கலினா, கலினா
என்று பெரியவர் கையெழுத்தில் ஐந்து.
எல்லாவற்றுக்கும் மேலே ஆறாவது
அவளே எழுதியது,
ஓர் எழுத்து திரும்பி நின்றுகொண்டு.
அதற்கு மேல் பூக்கள் மட்டும்.

ஷிவ்கோ பார்த்தான்.
தண்ணீர் குடிக்கப் போனான்.
குழாய் வெகுநேரம் ஓடியது.
கையில் நாடா இருந்ததால்
அளந்தேன். வேறு காரணம் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு.

கடைப் பையன் கேட்டான்,
நூற்றுத் தொண்ணூறா, நூற்று அறுபதா?
அறுபதே தாராளம், என்றான் ஷிவ்கோ,
உள்ளங்கையை விரித்துத்
தன் இடுப்புக்குச் சற்று மேலே
காற்றில் ஒரு தலையைத் தொட்டுக் காட்டி.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் பிறந்தநாளுக்கு மட்டும் போனில் முகம் பார்ப்பவன்.
போனில் எல்லாரும் உள்ளங்கை உயரம்தானே.

கட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.
சுவருக்கும் அதற்கும் நடுவே
ஒரு செருப்பு நுழையும் இடம்.
போர்வையில் முயல்கள், கடையில் இலவசமாகக் கொடுத்தது.

ஞாயிறு, இரவு எட்டே கால்.
லிப்டில் பை மட்டும் வந்தது.
இரண்டு பேருக்கான லிப்ட் அது,
வாலிபால் பையே இரண்டு பேர்.
அவள் படியேறி வந்தாள், மூச்சு வாங்காமல்,
அவன் தோளைத் தாண்டி
நேராக என்னைப் பார்த்தாள்.
நிமிர்ந்து பார்க்க வேண்டியவன் அவன்.
நிமிர்ந்தான்.
கை மட்டும், பழக்கத்தில்,
இடுப்பு உயரத்தில் எதையோ தேடிவிட்டுப்
பாக்கெட்டுக்குள் போனது.

நள்ளிரவில் தண்ணீருக்குப் போனவள்
பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்தேன்.
கட்டிலின் கால்மாட்டுப் பலகைக்கு மேலே
இரண்டு பாதங்கள், காலுறையோடு,
என் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு.
ஒரு சாப்பாட்டு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன்.
தூங்கவில்லை போலிருக்கிறது.
பஸ்ஸில் இதைவிட மோசம், ருமியானா,
என்றது இருட்டு.
என் பெயரை அவள் சொல்லி
அன்றுதான் கேட்கிறேன்.

காலையில் ஷிவ்கோ ரசீதைத் தேடிக்கொண்டிருந்தான்,
குப்பைக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு.
நான் ஏழாம் மாடிக்கு இறங்கி
ஸ்தோயன்காவிடம் ரம்பம் கேட்டேன்,
கால்மாட்டுப் பலகையை எடுத்துவிட.

எவ்வளவு அறுக்கணும், அளந்தாயா, என்றாள்.

இல்லை, என்றேன்.