பீப்பாய் எண் பதினேழு

தொட்டுப் பார்த்தேன், குளுகுளுவென்றிருந்தது.
நேற்று இரவிலிருந்து ஏசி அறையில்.
வெப்பமானி இருபத்தாறு என்றது.
வெப்பமானிக்கு முந்தாநாள் என்று ஒன்று கிடையாது.

"நேரா வந்தனுங்க, எங்கீமே நிக்கலீங்க"
என்று கையெழுத்துப் போட்டுவிட்டு
ரிட்டர்ன் லோடுக்காக
கேட்டுக்கு வெளியே படுத்திருந்தார் சென்னியப்பன்.

ஐம்பத்தைந்து டிகிரியில் பயோவாஷ் தொட்டி.
ஏற்றுமதி பனியன் துணி, நானூறு கிலோ.
நொதி ஒரு புரதம்.
தன்மேல் தானே மடிந்து மடிந்து
சின்னதாய் ஒரு வாய் செய்து வைத்திருக்கும்.
கிளுவை வேலிக்குள் மேயும் செம்மறி மாதிரி
பிசிறை மேயும், நூலை விட்டுவிடும்.

ஒரு மணி நேரம் கழித்துத் துண்டு வெட்டி
டியூப்லைட்டில் பிடித்தேன்.
மூன்று நாள் மழிக்காத தாடை.

சோதனைக் குழாயிலும்
செங்கல் நிறம் வரவேண்டிய இடத்தில்
வெளிறிய ஆரஞ்சுதான்.
நூற்றுக்கு அறுபத்தொன்று.

எங்கோ வெயிலில் நின்றிருக்கிறது.
மடிப்புகள் ஒவ்வொன்றாய் நழுவி
உள்ளே மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்து
ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கிறது.
குளிர் திரும்பியபோது
சிலதுதான் பழைய மடிப்புக்குத் திரும்பின.
மற்றது அடியில்
வெள்ளைக் கலங்கலாய்க் கிடக்கிறது.
சூடு போய்விட்டது, சூடு பட்டது போகவில்லை.
இஸ்திரிப் பெட்டி பிடித்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

நாலு மணிக்கு எழுப்பிக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார்.
"வெள்ளகோயில் தாண்டி ஆக்சில் போச்சுங் அம்மிணி.
ரெண்டு நாளு. ஒரு மரமில்லீங்க.
நானே வண்டிக்கடியிலதான் கெடந்தேன்."

அவர் உடம்புக்குள்ளும் அந்த இரண்டு நாள்
கலைந்த மடிப்புகளைப் பிடித்து நேராக்க
வேறு புரதங்கள் ஓடிவந்திருக்கும்.
சிலது இன்னும் போகாமல்
அடுத்த வெயிலுக்குக் காத்திருக்கலாம்.
பீப்பாய்க்குள் அப்படி யாரும் இல்லை.

விட்ட குறைக்கு இன்னும் ஊற்றினேன்.
பதிவேட்டில்: பீப்பாய் 17, வெயில் பட்டது, அளவைக் கூட்டவும்.
வண்டி எண் கட்டத்தில்
பேனா நின்றது. நின்றபடியே விட்டுவிட்டேன்.

ஆறரைக்குத் துணி வழுவழுப்பாய் வந்தது.
வேலை முடிந்தால் நொதியை நிறுத்த வேண்டும்,
இல்லாவிட்டால் நூலையும் தின்னத் தொடங்கும்.
நீராவி வால்வைத் திறந்தேன்.
எண்பது டிகிரி, பத்து நிமிடம்.
வெயில் பாதியில் விட்டதை
முடித்துவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.