அரைப்புள்ளி

மண்ணடியில் ஐந்து மாடி, இருபத்திரண்டு வாடகைதாரர்.
எண் பிரித்தபோது கிளியரிங் ஏஜென்ட் துரைக்கண்ணு,
"எட்டு வேணாம்பா, கூட்டினாலும் வரக்கூடாது."

மென்பொருளுக்குக் காசில்லை என்றதும்
இரும்புக்கடை ஜமாலுதீன்:
"அப்ப கெட்டுப்போனா யாரத் திட்டுறது?"
என்னைத்தான் என்றேன்.

மாடிப்படிக்கு அடியில், மோட்டார் பக்கத்தில் சர்வர்.
போன ஐப்பசியில் தண்ணி இரண்டாம் படி;
இப்போது மூன்றாம் படி உயரத்தில் ஆணி.

முந்நூற்று நாலு காலி செய்து பதினாறு நாள்.
எண்ணை எடுக்க உட்கார்ந்தேன்.
பதிவில், தினமும் பதினொன்று பத்துக்கு
நாலாம் மாடி நோட்டரி ஆபீசிலிருந்து
ஓர் அழைப்பு.
வெறுந்தரையில் விட்டுப்போன போன்
ஐம்பது நொடி அடித்து ஓய்கிறது.
நேற்றும்.

வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தால்
எண் செத்துவிடும்.
மணி பதினொன்று ஆறு.
கையை எடுத்துக்கொண்டேன்.